லூசி முதல் சைன்ஃபெல்ட் வரை: டிவிடியா, ப்ளூ-ரேயா, ஓடிடியே போதுமா?

பழைய ஆங்கில டிவி நகைச்சுவைத் தொடர்களைச் சேர்த்து வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். டிவிடி வாங்குவதா, ப்ளூ-ரே வாங்குவதா, மாதச் சந்தா கட்டி ஓடிடியிலேயே பார்த்துக்கொள்வதா? விலை கூடியதே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு ப்ளூ-ரேக்குப் போகிறவர்கள் உண்டு. இந்தக் காலத்தில் யாராவது டிஸ்க் வாங்குவார்களா என்று சிரிப்பவர்களும் உண்டு. நான் இரண்டு கட்சியிலும் இல்லை. தொடருக்குத் தொடர் பதில் மாறும். ஃபிலிமில் எடுத்தார்களா, வீடியோ டேப்பில் எடுத்தார்களா என்று தெரிந்துகொண்டால் பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

'ஐ லவ் லூசி'யிலிருந்து தொடங்கலாம். 1951 அக்டோபரில் அமெரிக்காவின் சிபிஎஸ்ஸில் ஆரம்பித்த தொடர். அப்போது டிவி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும். நாட்டின் இன்னொரு மூலைக்கு அனுப்ப வேண்டுமென்றால், டிவி திரைக்கு எதிரே ஒரு ஃபிலிம் கேமராவை வைத்துப் பிடித்து அந்தச் சுருளை அனுப்புவார்கள். கினஸ்கோப் என்று பெயர். படம் மங்கலாகத்தான் வரும். லூசில் பாலும் அவர் கணவர் டெசி ஆர்னாஸும் லாஸ் ஏஞ்சலஸை விட்டு நகர மாட்டோம் என்றார்கள். ரசிகர்களை எதிரே உட்காரவைத்து, மூன்று கேமராக்களால் 35 மி.மீ. ஃபிலிமிலேயே எடுத்துவிடலாம் என்று முடிவானது. செலவு கூடியதால் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்குத் தொடரின் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். டிவி வரலாற்றில் அதைவிடக் கெட்டிக்கார பேரம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒளிப்பதிவுக்கு வந்தவர் ஜெர்மன் மௌனப்படக் காலத்திலேயே பெயரெடுத்த கார்ல் ஃப்ராய்ண்ட்.

அன்றைய டிவி பெட்டி அந்த ஃபிலிமில் இருந்ததில் ஒரு சிறு பங்கைத்தான் காட்டியது. மிச்சமெல்லாம் நெகட்டிவில் பத்திரமாக இருந்தது. 2014-ல் முதல் சீசன் ப்ளூ-ரேயில் வந்தபோது, 1951-ல் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் கண்டிராத தெளிவில் லூசியைப் பார்க்க முடிந்தது. இன்னொரு லாபமும் உண்டு. சாட்டின் துணிமேல் இதயம் வரைந்த டைட்டிலைத்தான் எல்லாரும் 'ஐ லவ் லூசி' என்றதும் நினைப்பார்கள். அது பின்னாளில் மறுஒளிபரப்புக்காகப் போட்டது. முதலில் ஒளிபரப்பானபோது, விளம்பரதாரரான ஃபிலிப் மாரிஸ் சிகரெட்டோடு குச்சி மனிதர்களாக லூசியும் டெசியும் கார்ட்டூனில் வருவார்கள். அந்த வடிவத்திலும் பார்க்கும் வசதியை ப்ளூ-ரேயில் வைத்தார்கள். கதாநாயகனும் கதாநாயகியும் சிகரெட் விற்றுவிட்டுக் கதைக்குள் போவதை இன்று எந்த ஓடிடி காட்டும்?

சிக்கல் எங்கே என்றால், 2015-ல் இரண்டாவது சீசனோடு அந்த ப்ளூ-ரே வரிசை நின்றுபோனது. மொத்தம் ஆறு சீசன். ஆக முதல் இரண்டை ப்ளூ-ரேயிலும் மற்ற நாலை டிவிடியிலும் வாங்க வேண்டும். அலமாரியில் ஒரே உயரத்தில் அடுக்க முடியாது என்று சிலர் இதற்காகவே வாங்காமல் இருக்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. டிவிடியும் அதே 35 மி.மீ. மூலத்திலிருந்து வந்ததுதான், நன்றாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு 1961 முதல் 1966 வரை ஓடிய 'த டிக் வான் டைக் ஷோ' இருக்கிறது. இதுவும் 35 மி.மீ. கறுப்பு வெள்ளை. 158 எபிசோடும் 2012-லேயே ப்ளூ-ரேயில் வந்துவிட்டது. ப்ளூ-ரே என்றால் என்ன என்று வீட்டில் யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் நான் இதைத்தான் போடுவேன்.

டேப்பில் எடுத்தவை வேறு கதை. அமெரிக்காவின் 'ஆல் இன் த ஃபேமிலி', 'த கோல்டன் கேர்ள்ஸ்', இங்கிலாந்தின் 'ஃபால்ட்டி டவர்ஸ்', 'எஸ் மினிஸ்டர்', நம்மூரில் பலருக்கும் தெரிந்த 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' எல்லாம் ஸ்டூடியோவில் வீடியோ டேப்பில் பதிவானவை. டேப்பில் இருப்பது அன்றைய டிவி படத்தை வரைந்த கிடைக்கோடுகள் மட்டும். கண்ணுக்குத் தெரிகிற கணக்கில் அமெரிக்காவில் சுமார் 480, இங்கிலாந்தில் 576. டிவிடி காட்டுவதும் அதே அளவு கோடுகள்தான். அதனால் டேப்பில் இருந்ததை டிவிடி கிட்டத்தட்ட முழுதாகத் தந்துவிடுகிறது. அதையே ப்ளூ-ரேயில் போட்டால் இல்லாத விவரம் எங்கிருந்தும் முளைக்காது. ஒரே ஒரு நன்மை இடவசதி. இரட்டை அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபிதான் பிடிக்கும், ப்ளூ-ரேயில் 50 ஜிபி வரை பிடிக்கும். மலிவுப் பதிப்புகளில் ஒரே டிவிடியில் ஏகப்பட்ட எபிசோடுகளைத் திணித்து, முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும்படி செய்திருப்பார்கள். அந்தத் தொல்லை ப்ளூ-ரேயில் இராது. அதற்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க மாட்டேன்.

பிபிசி தொடர்களில் இரண்டும் கலந்திருக்கும். உள்ளே நடப்பது டேப், வெளியே நடப்பது 16 மி.மீ. ஃபிலிம். 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரில் 1975-ல் வந்த எபிசோடு ஒன்று. சமையல்காரர் குடித்துவிட்டு விழுந்துகிடக்க, வேறு இடத்திலிருந்து சாப்பாடு எடுத்துவரப் போன ஹோட்டல் முதலாளி பேசில் ஃபால்ட்டியின் கார் நடுவழியில் நின்றுவிடும். கார் முன்னால் நின்று திட்டுவார், மூன்று வரை எண்ணுவார், அப்புறம் ஓடிப்போய் ஒரு மரக்கிளையை ஒடித்துவந்து காரை அடி அடியென்று அடிப்பார். அந்தக் காட்சியில் படத்தின் தன்மையே மாறியிருப்பதைக் கவனியுங்கள். ஹோட்டலுக்குள் டேப்பின் வழவழப்பு, ரோட்டில் ஃபிலிமின் சொரசொரப்பு. இதைச் சிலர் டிஸ்க்கின் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். 1975-ல் ஒளிபரப்பானபோதே அப்படித்தான் இருந்தது.

இனி தொண்ணூறுகளின் தொடர்கள். இங்கேதான் சண்டை அதிகம். 'சைன்ஃபெல்ட்', 'ஃப்ரெண்ட்ஸ்' இரண்டும் ஃபிலிமில் எடுத்தவை, ஆனால் அன்றைய சதுர டிவிக்காக 4:3 அளவில் அமைத்தவை. இன்றைய அகல டிவிக்கு 16:9 ஆக மாற்றும்போது மேலும் கீழும் வெட்டுவார்கள், பக்கவாட்டில் ஃபிலிமில் கூடுதலாக இருந்ததைத் திறந்துவிடுவார்கள். 2021-ல் 'சைன்ஃபெல்ட்' நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது பெரிய கேலிக்கு ஆளானது ரோட்டுக் குழி எபிசோடு. ஜார்ஜின் சாவிக்கொத்து ஒரு குழியில் விழுந்து, அதன்மேல் தார் போட்டு மூடிவிடுவார்கள். எபிசோடின் பெயரே அந்தக் குழிதான். குழியைக் காட்டும் இடத்தில், கீழ்ப்பக்கம் வெட்டியதால் குழியைக் காணோம்! ஆட்கள் தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், நமக்கு ஒன்றும் தெரியாது.

'ஃப்ரெண்ட்ஸ்' விஷயத்தில் வெட்டியதைவிடத் திறந்துவிட்டதுதான் வினை. சதுரப் படத்துக்கு வெளியே இருக்கும் என்று நம்பி விட்டுவைத்த செட்டின் விளிம்புகள், நடிகர்களுக்குப் பதிலாக நின்றவர்களின் முகங்கள் எல்லாம் அகலப் படத்தில் தெரிந்துவிட்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், விலை குறைந்த பழைய அமெரிக்க டிவிடிகளில் ஒளிபரப்பில் வராத கூடுதல் காட்சிகளைச் சேர்த்திருந்தார்கள். 2012-ல் வந்த ப்ளூ-ரே, ஒளிபரப்பான நீளத்துக்குத் திரும்பிவிட்டது. படம் பளிச்சென்று இருக்கும், சில ஜோக்குகள் இருக்காது. 2024-ல் இரண்டு தொடர்களும் ப்ளூ-ரேக்கும் மேலான தெளிவுள்ள 4கே டிஸ்க்கிலும் வந்துவிட்டன. அதற்காகப் பழைய டிவிடி பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்பேன். நகைச்சுவைக்கு முகத்தின் சருமத் துளைகள் தெரிய வேண்டிய அவசியமில்லை, ஜோக்குக்குக் காரணமான பொருள் படத்துக்குள் இருந்தால் போதும். 'ஃப்ரெண்ட்ஸ்' வேண்டுமென்றால் பழைய டிவிடி, 'சைன்ஃபெல்ட்' வேண்டுமென்றாலும் பழைய டிவிடி. இது என் கட்சி. படத் தெளிவுதான் முக்கியம் என்பவர்கள் 4கேக்குப் போகலாம், ஆனால் பின்னட்டையில் என்ன அளவு விகிதம் போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்து பாட்டு உரிமம். இதைப் பற்றி அட்டையில் யாரும் பெரிதாக எழுத மாட்டார்கள். 1978-ல் தொடங்கிய 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' ஒரு ரேடியோ நிலையத்தைப் பற்றிய தொடர். அன்றைய ராக் பாட்டுகள் கதையிலேயே ஊறியிருக்கும். டிவிக்கு வாங்கிய உரிமம் டிஸ்க்குக்குச் செல்லாது. அதனால் 2007-ல் முதல் சீசன் டிவிடி வந்தபோது பல பாட்டுகளை எடுத்துவிட்டு, யாருக்கும் தெரியாத ஏதோ இசையைப் போட்டார்கள். கேட்டவர்கள் கொதித்துப் போனார்கள். 2014-ல் ஷவுட் ஃபேக்டரி என்ற நிறுவனம் முழுத் தொடரையும் வெளியிட்டபோதுதான் பெரும்பாலான பாட்டுகள் திரும்பின. ஒரே தொடர், இரண்டுமே டிவிடி, ஆனால் ஒன்றை வாங்கினால் பாதித் தொடர்தான் கைக்கு வரும். 'மேரீட்... வித் சில்ட்ரன்' தொடரின் டைட்டிலில் ஃபிராங்க் சினாட்ரா பாடிய பாட்டு வரும். மூன்றாவது சீசனிலிருந்து டிவிடியில் அது கிடையாது. இங்கிலாந்தின் 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' டிவிடிகளிலும் பாட்டுத் தகராறால் மாற்றியதும் வெட்டியதும் உண்டு. ஆகவே பழைய தொடர் எதையும் வாங்குமுன், எந்த நிறுவனம் எந்த வருடம் போட்ட பதிப்பு என்று கேட்டுவிடுங்கள். டிவிடியா ப்ளூ-ரேயா என்பதைவிட இது முக்கியமாகிவிடும் இடங்கள் உண்டு.

சரி, ஓடிடி? வசதியில் அதற்கு ஈடில்லை. ஆனால் இன்று இருப்பது நாளை இருக்கும் என்று சொல்ல முடியாது, இன்று இருக்கும் வடிவமும் நாளை மாறலாம். 2020 ஜூனில் 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரின் ஜெர்மானியர் எபிசோடை இங்கிலாந்தின் யுகேடிவி எடுத்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் எச்சரிக்கை வாசகத்தோடு திரும்பப் போட்டார்கள். அதே எபிசோடில் ஓய்வுபெற்ற மேஜர் பேசும் இனவெறிச் சொற்களை 2013-ல் பிபிசியே மறுஒளிபரப்பில் வெட்டியிருந்தது. அந்த வசனம் மேஜரைக் கிண்டல் செய்கிறதா, மற்றவர்களைப் புண்படுத்துகிறதா என்று வாதாடலாம். வாதாடவாவது வெட்டாத பிரதி ஒன்று கையில் இருக்க வேண்டுமே. டிஸ்க் இருந்தால் வீட்டு அலமாரியில் யாரும் வந்து கத்தரி போட மாட்டார்கள்.

பணம் கொடுத்து 'வாங்கும்' டிஜிட்டல் பிரதியை நான் டிஸ்க்கோடு சேர்க்கவே மாட்டேன். 2023 டிசம்பரில், சோனியின் ப்ளேஸ்டேஷன் ஆன்லைன் கடையில் வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து நீங்கப்போகின்றன என்று அறிவிப்பு வந்தது. கூச்சல் கிளம்பியதும் புது ஒப்பந்தம் போட்டு அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, இது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற பட்டனைப் போடக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. ஓடிடியை நான் ஒரே காரியத்துக்குச் சிபாரிசு செய்வேன். தொடர் பிடிக்கிறதா என்று நாலு எபிசோடு பார்க்க. பிடித்தால் டிஸ்க்குக்குப் போங்கள்.

விஎச்எஸ் கேசட்டைப் பற்றி ஒரு வரி போதும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், வேண்டாம்.

இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்களுக்குத் தனித் தலைவலி ரீஜன் கோட், அதாவது எந்தப் பகுதி டிஸ்க் எந்தப் பகுதி ப்ளேயரில் ஓடும் என்று பூட்டிவைக்கும் குறியீடு. டிவிடியில் நாம் 5, அமெரிக்காவும் கனடாவும் 1, இங்கிலாந்தும் ஐரோப்பாவும் 2. ப்ளூ-ரேயில் நாம் சி, அமெரிக்கா ஏ, இங்கிலாந்து பி. அதாவது இந்தத் தொடர்கள் பிறந்த இரண்டு நாட்டு டிஸ்க்கும் இங்கே வாங்கிய சாதாரண ப்ளேயரில் பூட்டிக்கொள்ளும். டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்களுக்குப் பாதித் தலைவலிதான். சிங்கப்பூர், மலேசியாவில் டிவிடிக்கு 3, ப்ளூ-ரேக்கு அமெரிக்காவின் அதே ஏ, அதனால் அங்கே ப்ளூ-ரே வாங்குவது சுலபம். பல டிவிடி ப்ளேயர்களில் ரிமோட்டில் ஒரு எண்ணைத் தட்டினால் பூட்டு கழன்றுவிடும். ப்ளூ-ரே பூட்டு அவ்வளவு லேசில் கழலாது, அதற்கென்று மாற்றி விற்கிற ரீஜன் ஃப்ரீ ப்ளேயரைத் தேட வேண்டும். கம்ப்யூட்டர் டிவிடி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவதில் அப்படியே உறைந்துவிடும். 4கே டிஸ்க்குக்கு ரீஜன் கிடையாது. அதன் பக்கம் நான் சொல்லக்கூடிய பெரிய பாயிண்ட் இது ஒன்றுதான்.

நம்மூர் டிவி முறை இங்கிலாந்தைப் போல பால் (PAL) என்கிற ஒளிபரப்பு முறை, அதனால் எல்லாவற்றையும் இங்கிலாந்துப் பதிப்பாகவே வாங்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஃபிலிமில் எடுத்த அமெரிக்கத் தொடர் நொடிக்கு 24 ஃபிரேம். பால் டிவிடி 25. இடையில் இருக்கும் வித்தியாசத்தைச் சரிக்கட்ட எளிய வழி, படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது. 25 நிமிட எபிசோடு 24 நிமிடத்தில் முடியும். நடிப்பில் அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். டைட்டில் பாட்டின் சுருதி கிட்டத்தட்ட அரை ஸ்வரம் ஏறிவிடும். சங்கீதம் கேட்டுப் பழகின காது என்றால் முதல் வரியிலேயே பிடித்துவிடும். ஜோக்கு முடிந்து எதிராளி விழிக்கிற அந்த இடைவெளியும் ஒரு துளி சுருங்கும். மறுபக்கம், இங்கிலாந்தின் டேப் தொடர்களை அமெரிக்க டிவிடியாக மாற்றும்போது ஆள் நடந்தால்கூடப் படம் லேசாகத் திக்கும். ஆகவே அமெரிக்கத் தொடர் அமெரிக்காவிலிருந்து, இங்கிலாந்துத் தொடர் இங்கிலாந்திலிருந்து. இன்றைய டிவிகள் இரண்டு முறையையும் காட்டிவிடும், ப்ளேயரின் பூட்டுதான் பிரச்சினை.

பெட்டியில் 'முழுத் தொகுப்பு' என்று போட்டிருந்தாலும் சில தொடர்கள் முழுதாக இருக்காது. அந்தக் காலத்தில் டேப் விலை அதிகம், அதனால் பிபிசி எழுபதுகள் வரை பதிவுகளை அழித்துவிட்டு அதே டேப்பில் வேறொன்றைப் பதிவு செய்தது. 'டாட்ஸ் ஆர்மி'யின் 80 எபிசோடுகளில் ஐந்து அப்படிப் போனது. 2001-ல் இரண்டு கிடைத்தன, மூன்றை இன்னும் காணோம். இதே தொடரில் ஒரு அதிசயமும் நடந்தது. 1969-ல் கலரில் ஒளிபரப்பான ஒரு எபிசோடு கறுப்பு வெள்ளை ஃபிலிம் பிரதியாக மட்டும் மிஞ்சியிருந்தது. டிவி திரையைப் படம் பிடித்தபோது கலர் சிக்னலின் நுண்ணிய புள்ளிகள் ஃபிலிமில் பதிந்துபோயிருந்ததை ஒரு குழு கவனித்தது. அந்தப் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் படித்து, எந்தச் சட்டை என்ன நிறம் என்று மீட்டு, 2008-ல் திரும்பக் கலரில் ஒளிபரப்பினார்கள். ஊகித்து வண்ணம் அடித்ததல்ல, அதே பழைய நிறம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? தாராளமாக. சில தொடர்களுக்கு வேறு வழியும் இல்லை. இங்கிலாந்தின் தனியார் சேனலான ஐடிவியின் பழைய தொடர்களை ஏராளமாக வெளியிட்ட நெட்வொர்க் நிறுவனம் 2023-ல் மூடிக்கொண்டது. அதன் டிஸ்க்குகள் இனிப் பழைய பிரதியாகத்தான் வரும், விலையும் ஏறிக்கொண்டிருக்கிறது. வாங்கியதும் அலமாரியில் அடுக்கிவிடாமல் ஒவ்வொரு டிஸ்க்கையும் கடைசி எபிசோடுவரை ஓட்டிப் பாருங்கள். கீறல் கண்ணில் பட்டுவிடும், உள்ளே அடுக்கு கெட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியாது. 2006 முதல் 2008 வரை அச்சான தங்கள் டிவிடிகளில் சில படிக்காமல் போகின்றன என்று வார்னர் நிறுவனமே 2025-ல் ஒப்புக்கொண்டு, முடிந்தவரை மாற்றித் தருவதாகச் சொன்னது. அந்த வருடங்களின் பெட்டி என்றால் பேரம் பேசுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

எதில் ஆரம்பிப்பது என்று என்னைக் கேட்டால், முதலில் இங்கிலாந்தின் 'ஃபால்ட்டி டவர்ஸ்' டிவிடி. மொத்தமே 12 எபிசோடு, டேப்பில் எடுத்தது, டிவிடியே அதற்குப் போதும், பெட்டியும் சின்னது. அடுத்தது அமைச்சரும் அதிகாரிகளும் மல்லுக்கட்டும் 'எஸ் மினிஸ்டர்', அதுவும் டிவிடி. செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்த சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள், ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கதை சொல்வார். இந்த இரண்டும் கையில் வந்து, டிஸ்க் போட்டுப் பார்க்கும் பழக்கம் நிலைத்தால் மட்டும் ரீஜன் ஃப்ரீ ப்ளூ-ரே ப்ளேயருக்குச் செலவு செய்யுங்கள். அதற்கு முதல் தீனி டிக் வான் டைக், அப்புறம் லூசி.

பெரிய பெட்டி ஒன்று வேண்டுமென்று கை அரித்தால் 'மேஷ்'. கொரியப் போரில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரி, 1972 முதல் 1983 வரை 256 எபிசோடு. தொடரை உருவாக்கியவர்களுக்குப் பதிவு செய்த சிரிப்பொலியே பிடிக்கவில்லை, சேனல் விடவில்லை. ஆபரேஷன் அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு வேண்டாம் என்ற அளவுக்கு இறங்கிவந்தார்கள். இங்கிலாந்தில் பிபிசி அதைச் சிரிப்பொலி இல்லாமலேயே ஒளிபரப்பியது. டிவிடியில் இரண்டு விதமாகவும் ஒலித்தடம் இருக்கிறது. டிஸ்க்கைப் போட்டதும் நேராக மெனுவுக்குப் போய்ச் சிரிப்பை நிறுத்திவிடுங்கள், அப்புறம் முதல் எபிசோடு.